வேன் கூரையில் உட்காராத மூலை

கண்ணாடி உடையும்போது போடும் சத்தம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது அதற்கு முந்தைய சத்தம். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது மாதிரி மெல்லிசாக ஒரு 'கிர்ர்'. மாமாவின் வேன் கூரை மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, சோலார் தட்டின் நான்காவது மூலையில் நட்டைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் அதை முதன்முதலாகக் கேட்டேன். ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. கீழேயிருந்து மாமா, "என்ன மாப்ளே சத்தம்?" என்றார். "என் முதுகு, மாமா" என்றேன். பொய் சொல்லும் அளவுக்குத்தான் அப்போது எனக்குத் தைரியம் மிச்சமிருந்தது.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் ஸ்டியரிங் பிடித்த மாதிரிதான் உட்காருவார். ஒரு தடவை தொண்டையைக் கனைத்தால் கூடத்தில் இருப்பவர்கள் ஓரம் ஒதுங்கி வழி விடுவார்கள். கல்யாணமான புதிதில் அவர் எதிரில் நான் தும்மியதுகூட இல்லை. ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. லென்ஸ்களைத் துடைப்பதும், பையன்கள் காந்தத்தை டவுசர் பையில் போட்டுக்கொண்டு போகாமல் பார்ப்பதும்தான் நான் அறிவியலுக்குச் செய்த தொண்டு. ஆனால் தாம் குடியிருந்த மதுரை செல்லூர் சந்து முழுக்க, "நம்ம மாப்ள சயின்ஸ்ல இருக்காரு" என்று மாமா சொல்லி வைத்திருந்தார். அதைத் திருத்தப் பயம். திருத்தாமல் இருந்ததில் வந்த பயம் அதைவிடப் பெரியது என்று பிறகுதான் புரிந்தது.

அத்தைக்கு இழுப்பு நோய். செல்லூரில் தறிச் சத்தத்தோடு பஞ்சுத் தூசியும் சேர்ந்தே வீட்டுக்குள் வரும். முகத்துக்கு நேரே காத்தாடி சுற்றினால்தான் அவருக்கு மூச்சு சீராக இருக்கும். கரண்டு போனால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி இழுப்பார். ஊர் ஜனத்தையெல்லாம் ராமேசுவரத்துக்கும் திருச்செந்தூருக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்ட மாமாவால், சொந்தப் பெண்டாட்டியை வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டிக் கூட்டிப் போக முடிந்ததில்லை. பஸ் நெரிசலில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அவருக்கு உதடு நீலம் பாரித்துவிடும். அத்தை கடலைப் பார்த்ததே கிடையாது. ஓய்வு பெற்றதும் மாமா செய்த முதல் வேலை, ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸ் வேனை எடுத்ததுதான். உள்ளே கட்டில் போட்டார், திரை மாட்டினார், பானைக்கு ஒரு வளையம் அடித்தார், பஸ்ஸில் டிரைவருக்கு வைக்கும் சின்னக் காத்தாடி ஒன்றைக் கட்டிலுக்கு நேராகப் பொருத்தினார். வேன் முதன்முதலாகச் சந்துக்குள் நுழைந்த அன்று, ஆம்புலன்ஸைப் பார்த்த எதிர்வீட்டம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்து, அத்தை உயிரோடு வாசலில் நிற்பதைக் கண்டு கொஞ்சம் ஏமாந்த மாதிரிகூட நின்றார்.

வேன் நின்றிருக்கும்போதும் காத்தாடி சுற்ற வேண்டும். அங்கேதான் சயின்ஸ் மாப்பிள்ளை வந்து சேர்ந்தேன். எங்கள் கல்லூரிக்குச் சோதனைக்காக வந்த சோலார் தட்டுகளில் சட்டம் லேசாக நசுங்கிய ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். வெயிலிலிருந்து கரண்டு எடுக்கலாம் என்பதை எண்பதுகளின் மதுரையில் நேரில் பார்த்தவர்கள் குறைவு. சாப்பாட்டுப் பந்தியில் பெருமைக்காக அதை நான் சொல்லிவைக்க, மறுவாரமே அந்தத் தட்டு வீட்டு வாசலில் சாக்கு சுற்றி இருந்தது. வேனின் சொந்த வயரிங்கில் கை வைக்க எனக்குப் பயம். அதனால் சோலார் தட்டு, பஸ்ஸில் கழித்த ஒரு கிழட்டு பேட்டரி, காத்தாடி, இவை மூன்றையும் மட்டும் தனியாக இணைத்தேன். பேட்டரி பெயருக்குத்தான் பேட்டரி. வெயில் அடித்தால் காத்தாடி ஓடும், மேகம் மறைத்தால் யோசிக்கும்.

சிக்கல் கூரையில் இருந்தது. சுழல் விளக்கு இருந்த இடத்தை ஒரு பட்டறையில் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். நடுவில் தொப்பை, ஒரு பக்கம் பள்ளம், குறுக்கே மேடு. தட்டை வைத்தால் மூன்று மூலை உட்காரும். நான்காவது மூலை, பந்தியில் இடம் பிடிக்காத சம்பந்தி மாதிரி, இரண்டு விரற்கடை அந்தரத்தில் நிற்கும். அதை இறுக்கினால் சட்டம் முறுக்கிக்கொண்டு கண்ணாடி முனகும். இறுக்காமல் விட்டால் காற்று அடியில் புகுந்து தூக்கும். அது ஆடி மாதம் வேறு. மாமாவுக்கு இரண்டாவது பயம்தான் பெரிது. ஒருமுறை அவருக்கு முன்னால் போன பஸ்ஸின் மேலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி கழன்று, சைக்கிளில் போனவர் மேல் விழுந்ததாம். "அந்த ஆளு என்ன ஆனாரு மாமா?" என்று கேட்டேன். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். பிறகொரு நாள் கேட்டபோதும் தண்ணீர் குடிக்கத்தான் போனார்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்வில் அசலாக வந்த யோசனைகளில் அதுவும் ஒன்று, மற்றதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் ரப்பர் செருப்பைக் கழற்றித் துண்டு துண்டாக அறுத்தேன். ஒரு மூலைக்கு ஒன்று, பள்ளத்துக்கு இரண்டு, அந்தரத்து மூலைக்கு நாலைந்து அடுக்கு. ரப்பர் மெத்தென்று அமுங்கிக் கொடுத்தது, நட்டு இறுகியது, கண்ணாடி வாயைத் திறக்கவில்லை. வெறுங்காலோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனாலும் அன்றைக்குப் பெரிய விஞ்ஞானியாகத்தான் நடந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூசை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முகப்புக்கு மாலை. மாமா தட்டின் சட்டத்துக்கும் சந்தனம் வைத்தார். குங்குமத்தைத் தானே வைக்க வேண்டும் என்று அத்தை ஸ்டூல் போட்டு ஏறினார். "வெயிலக் குடிச்சுக் காத்தாத் தர்ற சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர், மூலைக்குக் கீழே பார்த்தார். அங்கே என் செருப்பின் நீல வார் ஒரு விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னது மாப்ளே?"

"பேக்கிங் அத்தே."

"செருப்பா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா சக்கரத்தைப் பார்த்தார்.

"பொங்கலுக்குப் பொங்கலு சூரியனக் கும்புடுறோம். அந்தச் சாமிய செருப்பு மேல உக்கார வச்சிட்டு, அதுக்குப் பொட்டும் வைக்கச் சொல்றீகளா? நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்." இறங்கியவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஊரையே ஓரம் ஒதுங்க வைக்கும் மாமா, தாழ்ந்த குரலில், "எடுத்துருங்க மாப்ளே" என்றார். செருப்பு வேண்டாமென்றால் வேறு ரப்பர். பழைய லாரி டயரை அறுத்துக் கொண்டுவந்தார். டயரும் ஊர்ச் சாக்கடையெல்லாம் மிதித்து வந்ததுதானே என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். டயர் கல் மாதிரி இருந்தது. அமுங்காது, வளையாது. நான்காவது மூலையை ஒரு அளவுக்கு மேல் திருகினால் மறுபடி அந்த முனகல். பயந்து கையை எடுத்தேன். "போதுமா?" என்றார் மாமா. "போதும்னுதான் நினைக்கிறேன்" என்றேன். மாமா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நினைப்பதற்கும் இறுகுவதற்கும் உள்ள தூரம் அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம். மானாமதுரைச் சாலையில் நாங்கள் மூவரும் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது. அத்தைக்குச் சரிப்பட்டால் அடுத்த வாரம் ராமேசுவரம். தெப்பக்குளம் தாண்டியதும் அத்தை திரையை விலக்கி, "இதுக்கு மேல நான் வந்ததே இல்ல" என்றார். காத்தாடி சுற்றிக்கொண்டிருந்தது. மாமா கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார். வெட்டவெளி வந்ததும் காற்று பக்கவாட்டில் மோத ஆரம்பித்தது. அப்புறம் தலைக்கு மேலே, டப். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டப்.

மாமாவின் பின்கழுத்தில் ஒரு நரம்பு எழுந்து நின்றது. "பின்னாடி யாரு வாராங்கன்னு பாருங்க மாப்ளே." பின்கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு மொபெட். ஓட்டுகிறவர், பின்னால் மனைவி, முன்னால் நின்றுகொண்டு ஒரு சின்னப் பெண். எதிர்காற்றுக்கு எங்கள் வேனை மறைவாக வைத்துக்கொண்டு, கைக்கெட்டும் தூரத்தில் ஒட்டிக்கொண்டே வந்தார்கள்.

"மூணு பேரு மாமா. புள்ள முன்னாடி நிக்குது."

டப், டப் என்று அடுத்தடுத்து அடித்தது. நட்டு கழன்றுவிட்டது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. சட்டென்று பிரேக் பிடித்தால் அவர்கள் வேனில் மோதுவார்கள். இப்படியே போனால் அந்தக் கண்ணாடிப் பலகை அந்தக் குழந்தை மேல் போய் இறங்கும். நான் கண்ணாடியைத் தட்டி, முந்திப் போங்கள் என்று கையை வீசினேன். அவர் சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையை வீசினார். பின்னால் இருந்த அம்மா சிரித்தார். அந்தப் பெண் குழந்தை கைப்பிடியை விட்டுவிட்டு எனக்கு டாட்டா காட்டியது. நான் பேயாகக் கத்தினேன், முகத்தைக் கோணினேன், கும்பிட்டேன். நான் விளையாட்டுக் காட்டுவதாக நினைத்து அது விழுந்து விழுந்து சிரித்தது. ஆயுளெல்லாம் பிறரைச் சிரிக்க வைக்கப் பாடுபட்டிருக்கிறேன். சிரிக்கக் கூடாதே என்று மன்றாடியது அந்த ஒருநாள்தான்.

மாமா ஆரனை அடிக்கவில்லை, பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேனைத் தானாகவே சோர விட்டு, மாட்டுவண்டி வேகத்துக்குக் கொண்டுவந்து, மண்ணில் இறக்கினார். மொபெட் சலித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. வேன் நின்றது. காற்று நிற்கவில்லை. நான் வேனின் பின்பக்க ஏணியில் ஏறிப் பார்த்தால், நான்காவது மூலை நாலு விரற்கடை உயரத்துக்கு எழும்பி எழும்பி அடங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது மூலையின் ஓட்டையும் கிழியத் தொடங்கியிருந்தது. உயரம் என்றால் எனக்கு மாடிப்படியே ஆகாது. ஆனாலும் தட்டின் மேல் அப்படியே குப்புற விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே மாமாவின் குரல் மாறிக் கேட்டது. "மாப்ளே! எந்திரிங்க! காத்தாடி நிக்குது!"

வேனை மண்ணில் இறக்கியபோது கிளம்பிய புழுதி உள்ளே போய் அத்தைக்கு இழுக்க ஆரம்பித்திருந்தது. மாத்திரை போட்டாகிவிட்டது, அது வேலை செய்யும்வரை காற்று வேண்டும். தட்டு மேல் நான் கிடப்பதால் வெயில் இல்லை; கிழட்டு பேட்டரி கையை விரித்துவிட்டது. எழுந்தேன். காத்தாடி சுற்றியது, மூலை தூக்கியது, மூன்றாவது மூலை இன்னும் கொஞ்சம் கிழிந்தது. படுத்தேன். காத்தாடி நின்றது. கூரைத் தகட்டுக்கு அந்தப் பக்கம், என் நெஞ்சுக்கு நேர் கீழே, அத்தையின் மூச்சு விசில் மாதிரி வந்து வந்து அறுந்தது. கடைசியில் மூலையில் உடம்பு முழுவதையும் சுருட்டி உட்கார்ந்து, நிழல் தட்டில் விழாதபடி பின்னால் சாய்ந்து, இரண்டு கையாலும் சட்டத்தை அமுக்கினேன். என்னில் பாதி அந்தரத்தில் தொங்கியது. "மாமா, நட்டும் மெத்துனு ஏதாச்சும் ரப்பரும் வேணும்!" என்று கத்தினேன்.

டூல்ஸ் பெட்டியில் நட்டு இருந்தது. ரப்பர் இல்லை. பேச முடியாத அத்தை, கட்டிலிலிருந்து தன் காலைத் தூக்கி, செருப்பை மாமா பக்கம் உதறினாராம். மாமாவுக்குப் புரியவில்லை. மறு செருப்பையும் உதறியிருக்கிறார், அவர் மேலேயே படும்படி.

கத்தியையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு மாமா ஏணியில் ஏறி வந்தார். அறுக்க முயன்றார். கத்தி ரப்பரில் படாமல் காற்றில் ஆடியது. சற்று முன் மூன்று உயிருக்காக ஸ்டியரிங்கை அசையாமல் பிடித்திருந்த அதே கைகள். "நீங்க அறுங்க மாப்ளே" என்று நீட்டினார். "எனக்கு அவ மூச்சு சத்தம் கேட்டா கை நிக்காது. கல்யாணம் ஆனதுலேருந்தே அப்பிடித்தான். பயம்." அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அப்போதுதான் கேட்டேன். இத்தனை நாளும் நான் பயந்துகொண்டிருந்த மனிதர் என்னைவிடப் பயந்தவர் என்று தெரிந்ததும் ஆறுதல் வர வேண்டுமே, வரவில்லை. இரண்டு பேரும் பயந்தால் யார்தான் அறுப்பது? அவர் மூலையை அமுக்க, நான் அறுத்தேன். ரப்பர் அமுங்கியது. நட்டு இறுகியது. கீழே காத்தாடி சுற்றும் ஒலியும், அதற்கு வெகுநேரம் கழித்து, அத்தை ஒரு முழு மூச்சு விடும் ஒலியும் கேட்டன. மாமா கூரை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று அப்படியே திரும்பிவிட்டோம். அடுத்த வாரம் அவர்கள் இருவர் மட்டும் ராமேசுவரம் போனார்கள். "நீங்க வேணாம் மாப்ளே. நீங்க மேல பாத்துக்கிட்டே வருவீங்க, நான் ரோட்டப் பாக்க முடியாது" என்று மாமா சொல்லிவிட்டார். கடலைப் பற்றி அத்தையிடம் கேட்டதற்கு, "அம்புட்டுக் காத்து, மாப்ளே! காத்தாடியே போடல" என்றார்.

இப்போது இரண்டு பேரும் இல்லை. போன ஆடியில் என் மகன் எங்கள் மொட்டை மாடியில் வரிசையாகத் தட்டுகள் போட்டான். மாட்ட வந்த இளைஞன், "புயலே வந்தாலும் அசையாது சார்" என்றான். சரியென்று தலையாட்டி அனுப்பி வைத்தேன். சாயங்காலம் காற்று எழுந்ததும் படி ஏறிப் போய், ஓரத்துத் தட்டின் மூலையில் கையை வைத்தேன். அசையவில்லைதான். கீழே என் மனைவி இருமும் சத்தம் கேட்டது. அம்மாவின் நோய் அவளுக்கும் வந்திருக்கிறது. "அங்க என்னங்க செய்றீங்க? இறங்கி வாங்க" என்றாள். "வாரேன்" என்றேன். இருமல் நிற்கும்வரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.