துடைத்துக் கொடுத்த போன்

புரியாத விஷயத்துக்கெல்லாம் தலையாட்டும் வியாதி எனக்கு உண்டு. ஸ்ரீ சிட்டிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "உங்க பழைய போன்ல லினக்ஸ் போட்டுக் குடுக்கறேண்ணா, கம்ப்யூட்டர் மாதிரி ஓடும்" என்றபோதும் ஆட்டினேன்.

ஒல்லியான ஆள். டிபன் கேரியரின் மேலடுக்கில் சாப்பாடு, கீழடுக்கில் செத்த போன்கள். லினக்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் போனை, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அடிக்கடி கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்.

"குவைத்துலருந்து என் சம்சாரம் பேசி அனுப்சதெல்லாம் இதுலதான் கீது" என்றேன்.

"காப்பி எடுத்து வச்சிக்கினுதாண்ணா கை வைப்பேன்."

மறுநாள் அவர் திருப்பிக் கொடுத்த போன் பளிச்சென்று திறந்தது. அவள் குரல் ஒன்றுகூட இல்லை.

"காப்பி எங்க?"

"எடுக்கலண்ணா. அப்படிச் சொல்லலன்னா யாரும் போன் குடுக்க மாட்டாங்க. எவ்ளோ ஃபாஸ்ட்டா தொறக்குது பாருங்க!"

திருட்டு முழி கிடையாது. அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அது எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

குவைத்திலிருந்து மனைவி கூப்பிட்டபோது அவரைத் திட்டித் தீர்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவன் கெடக்கறான். நான் அவ்ளோ பேசி அனுப்சனே, ஒரு வாட்டியாவது நீ பதில் பேசி அனுப்சியாய்யா?"