எந்த எறும்பு?

"காட்டுல முள்ளுக்குத்து வாங்குன கை ஆஸ்பத்திரியில ஊசி போடுமாக்கும்!"

நான் நர்ஸ் படிப்புக்குப் புறப்பட்ட அன்று சித்தப்பா சொன்னது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் வயதுப் பிள்ளைகளெல்லாம் தீப்பெட்டியாபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்பது அவர் எண்ணம். முளைத்திருக்கிறது என்பது என் எண்ணம்.

நேற்று ரசத்துக்குப் பூண்டு நசுக்கும்போது இதெல்லாம் ஞாபகம் வந்தது. பூண்டுக்கும் ஊசிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் கை நரம்பில் போட்டுத் தூங்கவைக்கும் மருந்து ஒன்று உண்டு. மஞ்சள் பொடி, கரைத்துப் போடுவார்கள். அது ஏறியதும் தொண்டையில் பூண்டு வாசம் அடிக்கிறது என்பார்கள் பலர். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிடுவார்கள். அதனால் ரசம் கொதிக்கிற வீடெல்லாம் எனக்குக் கொஞ்சம் ஆபரேஷன் அறை மாதிரிதான்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது கோவில்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். எண்ணெய் வைத்த என் தலையில் வெள்ளைத் தொப்பி நிற்காது. வழுக்கிக்கொண்டு காதுப்பக்கம் வந்துவிடும். அதையே ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அப்போது ஊசிகளுக்கு லேசில் ஓய்வு கிடையாது. வேகவைத்து, கல்லில் தீட்டி, மறுபடி அதே ஊசிதான். முனை மடங்கியிருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சில் மெதுவாக இழுப்போம். ஓர் இழை சிக்கினாலும் திரும்பக் கல்லுக்குப் போகும். கரிசலில் பருத்தி எடுத்து வளர்ந்த விரலுக்கு அந்த இழை உடனே தட்டுப்படும்.

நல்ல ஊசியானாலும் குத்தினால் வலிக்கத்தானே செய்யும்? குழந்தைகளின் வலிக்கு எங்களிடம் இருந்த ஒரே மருந்து ஒரு வாக்கியம்: "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." அது பலிக்காவிட்டால் கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர் என்று அமுக்கிப் பிடிப்போம்.

ஒரு நாள் பசுவந்தனையிலிருந்து பேச்சி வந்தாள். எட்டு வயது இருக்கும். ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை. குதிகாலில் உடைமரத்து முள் ஒடிந்து, உள்ளேயே தங்கிச் சீழ் வைத்துவிட்டது. வீக்கம் கணுக்காலுக்கு மேல் ஏறியிருந்தது. அவளுடைய அய்யா, அதாவது அப்பா, தோளில் தூக்கி வந்திருந்தார். மயக்கம் கொடுக்கத் திருநெல்வேலியிலிருந்து ஒரு டாக்டரம்மா அவ்வப்போது வருவார்கள். அன்று அவர்கள் இருந்தது நல்லதாகப் போயிற்று.

எங்களுக்கெல்லாம் மேலே இருந்த பெரிய சிஸ்டர் பேச்சியின் கையைப் பிடித்து வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார்.

"எந்த எறும்பு?" என்றாள் பேச்சி.

"என்னது?"

"செவத்த எறும்பா, கட்டெறும்பா?"

பெரிய சிஸ்டர் பட்டணத்துக்காரர். கொஞ்சலாக, "பிள்ளையார் எறும்புதாண்டி கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

"பொய்யி! பிள்ளையார் எறும்பு கடிக்கவே செய்யாது."

கையை உருவிக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டிப் போய், வாசலில் நின்ற அய்யாவின் வேட்டியைக் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் தாயி" என்றார் அவர். "பிள்ள கெடந்து பதறுதா. ஊர்ல போயி பச்சிலை வச்சுக் கட்டிக்கிடுதோம்."

"இன்னைக்கே கீறி எடுக்கலைன்னா காலே போயிரும்யா" என்றார்கள் டாக்டரம்மா.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் காட்டில் முள் எடுக்கிறவர்கள் யாரும் வலிக்காது என்று சொல்லி நான் கேட்டதில்லை. முதலில் இடம் மரக்க எருக்கம்பாலை வைப்பார்கள். பிறகு வெற்றிலை போடுவார்கள். வெற்றிலையை மென்று துப்புகிற வரைக்கும் முள்ளைத் தொடமாட்டார்கள். "வலிக்கத்தான் செய்யும்ட்டி. போதும்னு சொல்லு, நிறுத்திருதேன்" என்பாள் அம்மா. நான் ஒரு தடவைகூடப் போதும் என்று சொன்னதில்லை.

டாக்டரம்மாவிடம் மரப்பு மருந்து இருந்தது. பெரியவர்களுக்குத் தடித்த ஊசி போடும் முன்னால் மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் ஒரு சொட்டு வைப்பார்கள். குழந்தைகளுக்கு வைப்பதில்லை. ஒரு குத்துக்கே ஊரைக் கூட்டுகிறவர்களுக்கு இரண்டு குத்தா என்ற நியாயம்தான். இவளுக்கு வைக்கலாமா என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை பொறுப்பாளா?"

"கேட்டுப் பாக்குதேன் டாக்டர்."

பேச்சிக்கு எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தேன். "ஏட்டி, மொதல்ல சின்ன ஊசி. அது செவத்த எறும்பு. சுருக்குன்னு எரியும். பொறவு அந்த எடம் மரத்துப்போவும். கட்டெறும்பு அதுக்குப் பொறவுதான் வரும். ஒனக்கு வலி தெரிஞ்சா சொல்லு, நிறுத்திருவாவ."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அய்யாவும் உள்ள வரட்டும்."

"கூடவே கூடாது" என்றார் பெரிய சிஸ்டர். "அய்யா கதவுக்கு வெளியவே நிப்பாவ" என்றேன்; அவரும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தலையாட்டினார். பேச்சி என் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கதவைச் சாத்தினார்கள். அவள் கண் கதவிலேயே இருந்தது.

சின்ன ஊசி புறங்கையில் இறங்கியது. "ஆத்தாடி! எரியுதுக்கா. செவத்ததுதான்" என்றாள். சொன்ன எறும்பே வந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி. பிறகு காத்திருந்தோம். பெரிய சிஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டரம்மா அவசரப்படவில்லை. அந்த இடத்தை நான் நகத்தால் கிள்ளினேன்.

"கிள்ளுதேன், தெரியுதா?"

"தொடுத மாதிரிதான் இருக்கு."

டாக்டரம்மா பெரிய ஊசியை ஏற்றினார்கள். பேச்சி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டெறும்பு கடிச்சுதா?" என்றேன்.

"எப்போ?" என்றாள். அப்புறம், "யாருக்கா பூண்டு நச..." என்று ஆரம்பித்தவள் தூங்கிப்போனாள்.

கால் பிழைத்தது. கடைசிக் கட்டைப் பிரிக்க வந்த அன்று அய்யாவுக்கு முன்னால் ஓடி வந்தாள்.

டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார்கள். அந்த அறையை இடித்து வராந்தாவைப் பெரிதாக்கிவிட்டார்கள். தீட்டுகிற கல் எங்கே போனதென்று தெரியவில்லை. குத்துக்கு ஒரு புது ஊசி வருகிறது. இப்போது அங்கே பெரிய சிஸ்டர் நான். நாலு பேர் சேர்ந்து ஒரு குழந்தையை அமுக்குகிற வழக்கமும் போயிற்று. அது தானாகப் போகவில்லை.

புது ஆபரேஷன் அறையிலும் பெற்றவர்களை வெளியே விட்டுச் சாத்துகிற கதவு மட்டும் மிச்சம். குழந்தை தூங்குகிற வரைக்கும் தாயோ தகப்பனோ பக்கத்தில் இருக்கட்டுமே என்று போன வாரம் பெரிய டாக்டரிடம் கேட்டேன். "யோசிப்போம்" என்றார். இன்று காலை குளத்தூரிலிருந்து ஒரு சின்னப் பையன் ஆபரேஷனுக்கு வந்தான். டாக்டர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். நான் அவன் அம்மாவைக் கைகால் கழுவச் சொல்லி, ஒரு வெள்ளை அங்கியை மாட்டிவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காரவைத்தேன்.