அட்டை நட்சத்திரம்

எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீடு ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும் எனக்குக் கிடைத்த பரிசுகளிலேயே பெரியது ஒரு கிறிஸ்துமஸ் பரிசுதான். இப்போதும் அது என் மேசைமேல் இருக்கிறது. நீல நிறத்தில், ஒரு பக்கம் சாய்ந்து நின்று சுற்றும் உலக உருண்டை. பசிபிக் பெருங்கடல் மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கும். என் மாமா ஒரு நாள் மதியம் அதன்மேல் தலைவைத்துத் தூங்கியதால் வந்த வினை.

ஆரணியில் சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் பள்ளியில் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பா ஏழு வயதில் தறிக்குழியில் இறங்கியவர். அம்மா பள்ளிக்கூட வாசலை முதன்முதலாக மிதித்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். இந்தப் பெருமையை நான் எனக்குள் வைத்துக்கொண்டவள் அல்ல. பால்காரரிடம் சொல்லியிருக்கிறேன். வந்தவாசி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம், அவர் கேட்காமலே சொல்லியிருக்கிறேன். ஒருமுறை மைக்கிலும் சொன்னேன். அது நடந்தது ஐந்தாம் வகுப்பில், தொண்ணூற்றெட்டாம் ஆண்டு கிறிஸ்துமஸ் விழாவில்.

அந்த டிசம்பர் தொடக்கத்தில் பெரிய சிஸ்டர் ஒரு போட்டியை அறிவித்தார். அவரவர் கையால் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்து கொண்டுவர வேண்டும். எல்லாவற்றையும் வராந்தாவில் கட்டித் தொங்கவிடுவார்கள். புதுவருடம் வரைக்கும் அவை அங்கேயே இருக்கும். விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை விளக்குப் போட்டுப் பார்த்து, சிறந்ததற்குப் பரிசு. பரிசு எது என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவருடைய அறையின் கண்ணாடி அலமாரியில் உலக உருண்டை வந்து உட்கார்ந்தது. தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழி அந்த அறைப்பக்கம் இல்லை. நான் அதை வழியாக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஆறு முறை எனக்குத் தாகம் எடுத்தது.

என் வகுப்பில் முதலாளியின் இளைய மகளும் படித்தாள். முதலாளி என்றால் அப்பாவுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்யச் சொல்லி வாங்குபவர். அவள் தன் நட்சத்திரத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"எங்கப்பா வேலூர்லேர்ந்து வாங்கியாரப் போறாரு. உள்ள நாலு கலர்ல லைட்டு எரியும்."

"கையால செய்யணும்னு சிஸ்டர் சொன்னாங்க இல்ல?"

"கடையில மட்டும் இன்னா காலாலயா செய்யறாங்க?"



வீட்டில் சொன்னபோது, "கார்த்திகைக்கு இப்பத்தான் வூடு முழுக்க வெளக்கு வெச்சி எண்ணெ தீர்ந்துச்சி. அதுக்குள்ள இன்னொரு வெளக்கா?" என்றாள் அம்மா. அப்பா தறியிலிருந்து தலை நிமிராமல், "செய்யட்டும். நூல தொடக் கூடாது, ஜரிகைய தொடக் கூடாது. அவ்ளோதான்" என்றார். வேறு எதையும் தொடக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. யாருக்கும் தோன்றாத திருட்டை முன்னதாகவே தடுக்க அவருக்குத்தான் எப்படித் தோன்றும்?

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. களம்பூர் அரிசி ஆலையில் வேலை. இளவயதில் இரண்டு வருடம் தறியில் உட்கார்ந்துவிட்டு, முதுகு வலிக்கிறது என்று மூட்டை தூக்கப் போனவர். அப்பா அன்று வெளியே போயிருந்தார்.

"இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வெச்சினுகீற?" என்றார் மாமா.

"ஸ்டார் செய்யணும் மாமா. எல்லாரும் கலர் பேப்பர் ஒட்டறாங்க. எனக்கு அது வேணாம்."

மாமா வீட்டைச் சுற்றிப் பார்த்தார். வீட்டில் பாதி தறிதான். தறிக்கு மேலே ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்து மாலைபோல் தொங்கும். ஒரு முழ நீளம், நாலு விரல் அகலம். ஓட்டை இருக்கும் இடத்தில் நூல் மேலே எழும்; இல்லாத இடத்தில் எழாமல் கிடக்கும். அப்படி அட்டை அட்டையாக மிதித்துப் போனால் புடவையில் பூவும் கொடியும் வரும். இதே போன்ற அட்டைக் கட்டு ஒன்று சுவர் ஆணியில் தூசியோடு தொங்கிக்கொண்டிருந்தது.

"இது பழைய டிசைனு. இன்னாத்துக்கு ஆவப் போவுது?"

"அப்பாவ ஒரு வார்த்த கேக்கலாமா மாமா?"

"எனக்குத் தெரியாத தறியா? நீ போயி ஜல்தியா பசைய காய்ச்சு."

மேலும் கீழும் இருந்த அட்டைகளில் தூசி அதிகம். மாமா கோத்திருந்த நூலை அவிழ்த்து, நடுவில் சுத்தமாக இருந்த அட்டைகளாகப் பார்த்து இருபத்து நான்கை உருவினார். மீதியைச் சேர்த்துக் கட்டி ஆணியில் மாட்டிவிட்டார். நான் கத்தரிக்கோலை எடுத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அட்டைய வெட்டக் கூடாது."

"பழசுதானே மாமா?"

"பழசுன்னாலும் டிசைனு. வெட்ட மனசு வராது."

மூட்டை தூக்கப் போனாலும் அவருக்குள் ஒரு தறிக்காரர் மிச்சம் இருந்தார் போல. வெட்டக் கூடாது என்றால் ஐந்து முனை நட்சத்திரம் வராது. ஆகவே வலை கிழிந்த சல்லடை ஒன்றின் வளையத்தை எடுத்து, அதைச் சுற்றி ஒவ்வோர் அட்டையையும் உருவிய வரிசையிலேயே முழுசாக, கதிர்போல நிறுத்தி ஒட்டினோம். பின்னால் மூங்கில் குச்சியில் கூடு கட்டி மஞ்சள் காற்றாடித் தாள் போர்த்தினோம். கதவைச் சாத்திவிட்டு மாமா பல்பைப் போட்டார். நூற்றுக்கணக்கான ஓட்டைகள் வழியே வெளிச்சம் சிந்தியது. சுவரெல்லாம் புள்ளிகள். அம்மா சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள். "நல்லாத்தான் கீது" என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வந்தால் அது பெரிய புகழ்ச்சி.

திங்கட்கிழமை மாமாவின் சைக்கிளில் அது பள்ளிக்குப் போனது. "இது ஸ்டாரா, வண்டிச் சக்கரமா?" என்றாள் முதலாளி மகள். பெரிய சிஸ்டர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு வராந்தாவின் நடுவில் இருந்த கொக்கியைக் காட்டினார்.

ஒரு வாரம் போனது. விழா நடக்க வேண்டிய வாரத்தின் திங்கட்கிழமை மாலை நான் வீட்டுக்கு வந்தபோது தறிச் சத்தம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அது கடிகாரம் நின்றதுபோல. ஆணியில் தொங்கிய அட்டைக் கட்டு அப்பாவின் மடியில் கிடந்தது. மாமா போட்ட முடிச்சை அவர் விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"உன் ஸ்டார்ல எத்தினி அட்ட?" என்று கேட்டார்.

"இருவத்தி நாலுப்பா."

"வெட்டினீங்களா?"

"இல்லப்பா. மாமா வெட்டக் கூடாதுன்னுட்டாரு."

அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "பரிசு எப்ப?"

"வெள்ளிக்கெழம."

"அது வரிக்கும் அங்கியே தொங்கணுமா?"

"தொங்கலன்னா பரிசு கெடையாதுப்பா. புதுவருசம் வரிக்கும் எறக்கவே கூடாதாம்."

"சரி, தொங்கட்டும்" என்றார். என் நட்சத்திரத்தில் அவருக்கு இவ்வளவு அக்கறை வந்ததே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா பள்ளிக்கு வந்தார். சட்டையெல்லாம் பட்டுத் தும்பு. யாரோடும் பேசாமல் என் நட்சத்திரத்துக்குக் கீழே போய் நின்றார். அண்ணாந்து, இமைக்காமல் பார்த்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. மணி அடித்ததும் தலையைக் குனிந்தபடி வேகமாகப் போய்விட்டார். நான் "அப்பா" என்று கூப்பிட்டதற்குக்கூடத் திரும்பவில்லை. புதன்கிழமையும் வந்தார். வியாழக்கிழமையும் வந்தார். மூன்று நாளும் அதே நிற்பு, அதே முணுமுணுப்பு.

"உன் அப்பா எவ்வளவு பக்தியாக ஜெபம் செய்கிறார் பார்" என்றார் பெரிய சிஸ்டர். அப்பா ஜெபம் செய்து நான் பார்த்ததில்லை; ஆனாலும் மறுக்கவில்லை. பரிசு கொடுக்கப் போகிறவர் அவர் அல்லவா?

முதலாளி மகளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "ஒங்கப்பா தெனம் இங்க வந்து வேடிக்க பாத்துகினுகீறாரு. எங்கக்கா கல்யாணப் பொடவய யாரு நெய்யறது? சனிக்கெழம எங்கப்பா எடுக்க வருவாரு. முந்தியில ரெண்டு மயிலு வரணும், தெரியுமா?"

"வரும், வரும்" என்றேன். எப்படி வரப் போகிறது என்று எனக்கென்ன தெரியும்? வீட்டில் அந்த நாட்களில் தறி விட்டு விட்டு ஓடியது. இடையிடையே சுத்தியல் சத்தம் கேட்டது. தறியில் ஏதோ மராமத்து என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை மாலை மாமா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அம்மா அவரிடம் பேசவில்லை. அவருக்குக் காபியும் கிடைக்கவில்லை. வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், அன்று அவர் என் கண்ணைக்கூடப் பார்க்காமல் பின்னாலேயே நடந்து வந்தார்.

விழாவில் கிறிஸ்துமஸ் தாத்தா வந்து மிட்டாய் வீசினார். அவர் எங்கள் வாட்ச்மேன்தான் என்பது இருமலில் தெரிந்துபோனது. பிறகு வராந்தா விளக்குகளை அணைத்துவிட்டு நட்சத்திரங்களை மட்டும் எரியவிட்டார்கள். வேலூர் நட்சத்திரம் நாலு நிறத்தில் மின்னி மின்னி அணைந்தது. என்னுடையது மின்னவில்லை. சும்மா எரிந்தது. ஆனால் கூட்டத்தில் இருந்த எல்லோர் முகத்திலும் சட்டையிலும் அதன் புள்ளிகள் விழுந்தன. சின்ன வகுப்புப் பிள்ளைகள் உள்ளங்கையை நீட்டி அவற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய சிஸ்டரின் வெள்ளை அங்கியில்கூட ஒரு வரிசைப் புள்ளிகள். அதைப் பார்த்தபோதே உருண்டை எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உருண்டை நான் நினைத்ததைவிடக் கனம் குறைவு. சிஸ்டர் மைக்கை என் வாய்க்கு நேராக இறக்கி, "ஏதாவது சொல்லு" என்றார்.

"எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. முதன்முதலில் படிக்கத் தெரிந்த ஆள் நான்தான்" என்றேன், நல்ல தமிழில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் அப்பா எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். அவருடைய இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

அன்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து உருண்டையில் ஆரணியைத் தேடினோம். சென்னை இருந்தது. ஆரணி இல்லை. "ஊரு ஒலகத்துக்கெல்லாம் பட்டு நெய்யறோம். ஒரு புள்ளி வெச்சா இன்னா கொறஞ்சிடும்?" என்று மாமா கோபப்பட்டார். அப்பா தறியிலிருந்து அரிசி அளவுக்குச் சிவப்புப் பட்டுத் துணுக்கு ஒன்றை எடுத்து, பசை தொட்டு, சென்னைக்குக் கொஞ்சம் தள்ளி ஒட்டினார். அவர் என்னிடம் நூலைத் தொடக் கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்தது. மறுநாள் முதலாளி வந்து புடவையை எடுத்துப் போனார். தை மாதக் கல்யாணத்தில் அதை நானும் பார்த்தேன். முந்தியில் எதிரெதிராக இரண்டு மயில்கள், நீண்ட கழுத்தோடு.

பன்னிரண்டு வருடம் கழித்து, எனக்கு ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வந்த வாரம், பரண்மேலிருந்து என் புத்தகப் பெட்டியை இறக்கினோம். பழைய வேட்டியில் சுற்றிய நட்சத்திரமும் கூடவே வந்தது. பக்கத்தில் அந்த அட்டைக் கட்டு. பிரித்துப் பார்த்தேன். நடுவில் இருபத்து நான்கு அட்டைகள் மட்டும் வேறு நிறம். புடவைப் பெட்டி அட்டையில் வெட்டியவை. ஓட்டைகள் ஆணியால் அடித்தவை. பெட்டியைத் தூக்க வந்திருந்த மாமாவைப் பார்த்தேன். அவர் கழுத்தைச் சொறிந்தார்.

"அது பழைய டிசைனு இல்லம்மா. போன வருசம் ஓடின மயிலு முந்தி. அதையேதான் மறுபடி மொதலாளி கேட்டுகீறாரு. நான் உருவினது மயிலோட கழுத்து. அப்பிடியே நெய்திருந்தா தல வயித்து மேல ஒக்காந்திருக்கும்."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நான் போயி அவுத்துகினு வந்துர்றேன்னுதான் சொன்னேன். ஒங்கப்பா வுடல. 'புள்ள பரிசுக்கு நிக்குது. அது அங்கியே தொங்கட்டும், நான் போயி படிச்சிகினு வரேன்'ன்னாரு. ரெண்டு மயிலும் ஒண்ணுபோல ஒண்ணு, அதால அட்டையில பாதி படிச்சா போதும். ஒரு நாளைக்கு எட்டு அட்ட. ரெண்டு எடு, மூணு வுடு, ஒண்ணு எடுன்னு சொல்லிகினே நின்னு, வழியில யார்ட்டயும் பேசாம வூட்டுக்கு வந்து அடிப்பாரு. பேசினா மறந்துபூடும் இல்ல."

நட்சத்திரத்திலிருந்து ஒரு கதிரைப் பிரித்தேன். அதன்மேல் அப்பா அடித்த அட்டையை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வெளிச்சம் இரண்டையும் துளைத்துக்கொண்டு வந்து என் கையில் விழுந்தது. அடுத்ததைப் பிடித்தேன். இருபத்து நான்கையும் பார்த்து முடித்தேன். ஓர் ஓட்டைகூட விலகவில்லை.

அன்று மைக்குக்கு முன்னால் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது, என் தலைக்கு மேலே இருபத்து நான்கு கதிர்களும் எரிந்துகொண்டிருந்தன. சிஸ்டர்கள், டீச்சர்கள், அத்தனை பிள்ளைகள் கூடியிருந்த அந்த வராந்தாவில் அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் கடைசி வரிசையில் நின்று எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.