சரோஜாவின் தட்டும் ஐந்தாவது கட்டமும்

இன்று காலை சரோஜாவின் மூச்சு அடங்கியபோது கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள்... அவள் மகள் கோமதி, சித்தியவானிலிருந்து வந்த பாக்கியம் அக்கா, ஹுத்தான் மெலிந்தாங் ஊரிலிருந்து வந்த பிரான்சிஸ் அண்ணன், ஈப்போவிலிருந்து போன நான். வேறு யாரும் இல்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது எனக்கு எப்போதும் மறக்காது.

சுங்காயில், மகள் வீட்டில்தான். வாதம் வந்து, பேச்சுப் போய், இத்தனை காலம் படுக்கையில் கிடந்தவள். அமைதியாகப் போய்விட்டாள்.

என் வாயில் முதலில் வந்தது "அப்பாடா". தப்பாக நினைக்காதீர்கள். அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் ஒரே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். விடியாத இருட்டில் அவள் மர நிரை ஒரு பக்கம், என் நிரை ஒரு பக்கம். பயம் வந்தால் கத்தமாட்டாள். கத்தியால் வாளியில் ஒரு தட்டு... ணங்! நானும் திருப்பித் தட்டுவேன். அவ்வளவுதான், வேலை ஓடும்.

தோட்டம் மூடி ஆளுக்கொரு ஊராகப் போன பிறகும், ஆடித் திருவிழாவுக்குப் பழைய கோயிலில் கூடிப் பாடுவோம். நாலு பெண்கள், டோலக் அடிக்கப் பிரான்சிஸ் அண்ணன். அவர் மாதா கோயில்காரர். ஆனாலும் ஆத்தா பாட்டுக்கு அவர் கைதான் வேண்டும்.

கோவிட் வந்தது. ஊர் விட்டு ஊர் போகக் கூடாது என்றார்கள். அவரவர் வீட்டிலிருந்து பாடி ஃபோனில் அனுப்புங்கள், ஒரே வீடியோவில் கட்டம் கட்டமாகச் சேர்த்துவிடுகிறேன் என்றார் அண்ணன்.

வாட்ஸ்அப் குரூப்பில் அவர் குரல். "நான் அடிச்சு அனுப்புன டோலக்க காதுல மாட்டிக்கிட்டுப் பாடுங்க. ஆனா மொத அடி விழும்போது ஒரு தட்டு வேணும். மறந்துறாதீங்கலா. தட்டு இல்லன்னா அஞ்சு பேரையும் ஒண்ணா சேர்க்க முடியாது."

கையைத் தட்டத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டோம். நாங்கள் தட்டினோம்.

சரோஜாவின் வீடியோ வந்தது... பட்டுச் சேலை, கையில் ஆரத்தித் தட்டு! குங்குமம், வெற்றிலை, சூடம் எல்லாம் வைத்து, காமிராவுக்கு நேராகக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"அண்ணே, தட்டு நல்லா தெரியுதா? வேணும்னா இதவிடப் பெருசா ஒண்ணு இருக்கு."

"அலாமா... அந்தத் தட்டு இல்ல தங்கச்சி! தட்டணும்!"

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றவள், அடுத்த வீடியோவில் தட்டைக் காலி செய்துவிட்டுக் கரண்டியால் போட்டாள் ஒரு அடி. ணங்!

அடுத்த தொல்லை, எதில் எடிட் செய்வது என்று. அண்ணன் ஃபோனில் இருந்த ஆப்பில் நாலு கட்டம்தான் வரும். நாங்கள் ஐந்து பேர். போதாததற்கு அந்த ஆப் தன் பெயரைப் பாக்கியம் அக்கா நெற்றியில் பட்டை போல ஒட்டிவிட்டது. இன்னொன்றில் போட்டுப் பார்த்தார். உதடு முன்னால் போகிறது, பாட்டு பின்னால் வருகிறது.

அப்போதுதான் எங்களில் ஒருத்தி வாயைத் திறந்தாள். பெயரைக் கடைசியில் சொல்கிறேன்.

"நாலு கட்டம் போதும்லா அண்ணே. அஞ்சு போட்டா கோணலா இருக்கும். சரோஜாவுக்குத் தொண்டை வேற கரகரன்னு இருக்கு. தட்ட ஏந்திக்கிட்டு நிக்கிறது கோயில் வாசல்ல பிச்சை கேக்கிற மாதிரி இருக்கு. அவ அடுத்த வருஷம் பாடட்டும்."

குரூப்பில் போட்டாள். சரோஜாவும் கேட்கும்படி.

சரோஜா எனக்கு மட்டும் தனியாக அனுப்பினாள். "யக்கா, என்னால எல்லாருக்கும் தொந்தரவு. என்னை எடுத்துறச் சொல்லு."

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "அவ கட்டம் இல்லன்னா என் கட்டமும் வேணாம்." பாக்கியம் அக்காவும் அதையே சொன்னார்.

"அப்ப நாலு கட்டம் போதும்னவ ஒருத்தியும் என் டோலக்கும்தான் பாடணுமா? ஆத்தா ஓடிப்போயிருவா!" என்று அண்ணன் சிரித்தார். "இருங்க, என் பழைய லேப்டாப்புல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. எத்தனை கட்டம் வேணும்னாலும் போடலாம். ஆமை மாதிரி போகும், போகட்டும். ஆறு கட்டமா போட்டுருவோம். ஆறாவதுல ஆத்தா உக்காந்துக்கட்டும். இப்பக் கோணல் போச்சா?"

எங்கள் கைத்தட்டல் ஃபேன் சத்தத்தில் மறைந்துபோக, தேடித் தேடிப் பிடித்தாராம். சரோஜாவின் ணங் மட்டும் முதல் தடவையிலேயே கிடைத்ததாம். சேர்த்து முடித்ததும் தட்டுவதை எல்லாம் வெட்டிவிடுவதுதான் வழக்கம். அவளுடையதை மட்டும் வெட்டவில்லை. பாட்டே அதில்தான் தொடங்கும்.

அந்த அடுத்த வருஷம் வருவதற்குள் வாதம் வந்துவிட்டது. அவள் பாட்டு அந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது.

படுக்கையில் விழுந்த பிறகு கோமதி அதைப் போட்டுக் காட்டுவாள். தட்டு வரும் இடத்தில் ஒரு பக்கத்து வாயால் சிரிப்பாள்.

இன்று காலையும் போட்டோம். கண் திறக்கவில்லை. ணங் என்றது... போர்வை மேல் ஒரு விரல் அசைந்தது.

நான் கட்டில் கம்பியில் திருப்பித் தட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

நல்லவேளை, அந்த நாலு கட்ட ஆப்போடு அண்ணன் நிற்கவில்லை. அதை நினைத்துத்தான் இன்று எனக்கு ஒரு வாய் சோறு இறங்கியது.

மத்தியானம் ஃபேஸ்புக்கைத் திறந்தால் அதே வீடியோ. "என் உயிர்த்தோழி சரோஜா" என்று எழுதி, அழுகிற பொம்மை வரிசையாகப் போட்டிருக்கிறாள் அந்த ஒருத்தி. சுங்காய்க்கு வர மட்டும் வண்டி கிடைக்கவில்லையாம்.

போய்ட்டு வா சரோஜா. இருட்டா இருந்தா ஒரு தட்டு தட்டு... எனக்குக் கேக்கும்.

வயசாகிவிட்டது, எல்லாரையும் மன்னித்துவிட்டேன். தோட்டத்துக் கங்காணியைக் கூட.

தவமணியை மாட்டேன்.