மடிப்புக்குள் என்ன?

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் மகன் வீட்டுக்கு வந்து ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. என் மனைவி அறைக் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்: "ஏங்க, மருமக முழுகாம இருக்கா போல. நம்மகிட்ட மறைக்கிறா."

ஆதாரம் என்ன என்று கேட்டேன். தலைமைச் செயலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவனுக்கு வாய் தானாக அப்படித்தான் கேட்கும்.

"பக்கவாட்டுல நின்னு நின்னு கண்ணாடி பாக்குறா. டேப்ப வெச்சு இடுப்ப அளக்குறா. நான் போனா டக்குனு கதவ சாத்துறா. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

மகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். இந்த ஒரு செய்தியை எதிர்பார்த்துத்தான் அவள் விமானம் ஏறினாள். எங்களுக்கு விசாவில் தந்திருந்த ஆறு மாதக் காலத்தை நீட்டிக்க நான் உடனே விண்ணப்பிக்க வேண்டுமாம். செய்யலாம். எதை எதை இணைக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் காரணம் கேட்பார்கள். மாமியாரின் ஊகம் என்று எழுத முடியாது.

ஆகவே விசாரணையில் இறங்கினேன். மருமகள் காபியை நிறுத்தவில்லை. வாந்தி, மயக்கம் எதுவும் இல்லை. ஆனால் பெரிய பெரிய பார்சல்கள் வந்தன. வந்த வேகத்தில் மாடிக்குப் போயின. மகனைக் கேட்டேன். "அது அவ ஹாபிப்பா, அவளே சொல்லுவா" என்றான். பதில் மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்வது அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

சனிக்கிழமை மாடிக் கதவு திறந்திருந்தது. இருவரும் எட்டிப் பார்த்தோம். மார்புக்குக் கீழே இறுக்கிக் கட்டிய பச்சைக் கம்பளி அங்கியில் மருமகள் நின்றிருந்தாள். தரையில் புரண்ட துணியை ஒரு கையால் அள்ளி வயிற்றின் மேல் பிடித்திருந்தாள். எட்டு மாதம் என்று எந்த டாக்டரும் சான்றிதழ் தருவார்.

"ஐயோ மாமா, சர்ப்ரைஸா காட்டலாம்னு இருந்தேன்! அடுத்த மாசம் ரெனைசன்ஸ் ஃபேர், பழைய ஐரோப்பா மாதிரி ஒரு திருவிழா. எல்லாரும் அந்தக் காலத்து டிரஸ்ல போவோம்."

"வயிறு?" என்றாள் என் மனைவி.

"அது ஸ்டைல் அத்தை! ஐநூறு, அறுநூறு வருஷம் முன்னாடி ஐரோப்பால துணி செம காஸ்ட்லி. எங்ககிட்ட இவ்ளோ இருக்குன்னு காட்டத்தான் முன்னாடி குவிச்சுப் பிடிப்பாங்க. பெயிண்டிங்ல பாத்தா பாதிப் பேர் ப்ரெக்னன்ட் மாதிரியே இருப்பாங்க. உள்ள ஒரு குஷன் வேற வெச்சிருக்கேன்."

வசதியைக் காட்டக் கழுத்து, காது என்று எவ்வளவோ இடம் இருக்க, வயிற்றைத் தேர்ந்தெடுத்த நாகரிகத்தை நான் நம்பவில்லை. என் மனைவியும் நம்பவில்லை. நேராகப் போய் மடிப்புக்குள் கையை விட்டு, குஷனை நகர்த்தி, அழுத்திப் பார்த்தாள்.

மருமகளின் சிரிப்பு நின்றது. "அப்படி ஏதாவதுன்னா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன் அத்தை."

"எல்லாம் துணிதான்" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல். பிறகு தரையில் உட்கார்ந்தாள். "கீழ தேயுது பாரு. பின்னு குடு."

அவள் குனிந்து விளிம்பை மடித்துக்கொண்டிருந்தாள். துணியைப் பிடிக்க மருமகளுக்கு ஒரு கை போதும். இன்னொரு கையும் அந்த வெறும் துணி மேட்டின் மேல் ஆசையாய் வந்து உட்கார்ந்தது. நாகரிகத்துக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் இருந்தது.

அன்று மாலை, விண்ணப்பம் வேண்டாம் என்று மனைவியே சொன்னாள். நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை. திரும்பும் டிக்கெட்டை உறுதி செய்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.