உள்ளங்கையில் ஊற்றிய கில்வான்னன்

ஹெக்டர் கால்பிரைத் இருபத்திரண்டு வருடம் கில்வான்னன் விஸ்கி ஆலையில் செப்புக் கொதிகலன் பார்த்தவர். 1983இல் ஆலையை மூடினார்கள். பிறகு கட்டடத்தையும் இடித்து மீன் கிடங்கு கட்டினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் மனைவி எஃபியும் போய்விட்டாள். அதன்பின் அவர் வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசுகிறது.

எங்கோ ஒரு கிடங்கில் தப்பிக் கிடந்த முப்பது வருடத்துக் கில்வான்னன் பீப்பாய் ஒன்றை கிளாஸ்கோ நகரத்து ஷோனா ரென்னி என்ற வியாபாரி வாங்கினாள். தன் பெயரை ஒட்டிப் புட்டியில் அடைத்து, சனிக்கிழமை மதியம் ருசி பார்க்க ஊராரை ஊர் மண்டபத்துக்குக் கூப்பிட்டாள். ஹெக்டருக்கு ஒரே ஆசைதான்: அந்த ஆலையின் வாசனை இன்னொரு தடவை மூக்கில் ஏற வேண்டும். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

வந்தவர்கள் பன்னிரண்டு பேர். கோப்பைக்குள் மூக்கை விட்டு வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஒருவருக்கு அன்னாசி தெரிந்தது, இன்னொருவருக்குப் பழைய தோல் நாற்காலி. அவர் எப்போது நாற்காலியைத் தின்று பார்த்தாரோ தெரியவில்லை.

“மிஸ்டர் கால்பிரைத், நீங்க காய்ச்சினதுதானே இது? அதே ருசி இருக்கா?” என்றாள் ஷோனா.

ஹெக்டர் ஒரு மிடறு குடித்தார். நல்ல சரக்குதான். ஆனால் முன்பின் தெரியாத ஆள் மாதிரி இருந்தது. ஆலையில் தொழிலாளிகளுக்குக் காலையும் மாலையும் ஊற்றிக் கொடுத்தது அன்றன்று இறங்கிய வெள்ளைச் சரக்கு. மரத்தில் கிடந்து பழுத்ததெல்லாம் வெளியூர்க்காரர்களுக்குப் போனது. அந்த வாசனை இதிலும் இல்லையென்றால் வேறெங்கும் இல்லை.

சட்டென்று கோப்பையை உள்ளங்கையில் கவிழ்த்தார். மண்டபமே வாயைப் பிளந்தது.

“சரக்குல கை கழுவுற ஆளை இன்னிக்குத்தான்யா பாக்குறேன்,” என்றான் பக்கத்திலிருந்த கசாப்புக்கடை ஆர்ச்சி.

“சும்மா இருடா. கொதிகலன் பாத்தவன் வாயால பாக்க மாட்டான், கையாலதான்,” என்றார் ஹெக்டர்.

காயும்வரை இரு கைகளையும் பரபரவென்று தேய்த்தார். சாராய நெடி பறந்தது. கைகளைக் குவித்து முகர்ந்தார். ஈர பார்லி. சூடான செம்பு. வேலை முடிந்து வீடு திரும்பும் சாயங்காலம்.

“அதேதாம்மா,” என்றார்.

வீட்டுக்கு நடக்கையில் கைகளைப் பையிலேயே வைத்திருந்தார், காற்று கொண்டுபோய்விடக் கூடாதென்று. எஃபி இருந்தால் வாசலிலேயே மறித்திருப்பாள். “அந்த நாத்தத்தோட என் மேசைக்கு வராதய்யா. போய்க் கையைக் கழுவு.” இருபத்திரண்டு வருடமும் ஒரு நாள் தவறாத சண்டை அது.

சூப்பைச் சூடாக்கி மேசையில் வைத்தார். கழுவாத கைகளை அதன் இரண்டு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சூப் ஆறி மேலே ஆடை கட்டியது. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பிறகு எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார். யாரும் சொல்லாமலே கையைக் கழுவிக்கொண்டார்.