மடி வேட்டியும் சுவர்ப் பூஞ்சையும்

குமாரசுவாமிக்கு இருமல் வந்தால் மடைப்பள்ளியில் பேச்சு நின்றுவிடும். திருத்தணி மலைக்கோயிலில் முப்பத்தோரு வருஷமாகச் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் கிளறும் மனிதர் அவர். சாமிக்குப் படைக்கிற அடுப்பருகே இருமுகிறவரை எத்தனை நாள் நிற்க விடுவார்கள்? மடைப்பள்ளியை மேற்பார்க்கும் கிரிதர் தயங்கித் தயங்கித்தான் சொன்னான்.

"மாமா, இந்த மாசக் கடைசிக்குள்ள இருமல் நிக்கலேன்னா, நீங்க ஆத்துலயே ஓய்வா இருந்துடுங்கோ."

ஓய்வாம், பெரிய ஓய்வு! மனைவி காமேஸ்வரி போய் இரண்டு வருஷம். பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டில் அவரோடு பேசுவது குக்கர் விசில் ஒன்றுதான். மலை மேலே இருக்கிற நேரம் மட்டும்தான் அவருக்கு மனுஷப் பேச்சு. அதுவும் போய்விடுமோ?

கோயில் சமையலுக்குக் கட்டுகிற வேட்டி மடியாக இருக்க வேண்டும். துவைத்தபின் வேறு யார் கையும் அதில் படக்கூடாது. காமேஸ்வரி போனபின் வெளியில் காயும் துணியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை; அதனால் உள்ளறையின் ஜன்னலையும் கதவையும் சாத்தி, உயரத்தில் கட்டிய மூங்கிலில் குச்சியால் விரித்துப் போடுவார். படுக்கையும் அதே அறையில்தான். அந்த மழைக்காலத்தில் சுவர் ஓதமேறி, கட்டிலுக்கு மேலே கருகருவென்று பூஞ்சை பூத்தது. மனிதர் என்ன செய்தார்? அதன்மேலேயே பெயிண்ட் அடித்தார். இருபதே நாளில் பெயிண்ட் உப்பிக்கொண்டு உதிர, பூஞ்சை முன்னைவிடப் பெரிதாக வந்து நின்றது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மோனிஷா அவர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல எங்கயாவது ஈரம், பூஞ்சை இருக்குதாங்க ஐயா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னார்.

"ஜன்னலைத் தொறந்து வெக்கக்கூடாதா?"

"மடித் துணிம்மா. யாராவது தொட்டுட்டா?"

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தாம்மா," என்றார் குமாரசுவாமி. அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர்தான் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு குனிந்துகொண்டார்.

அவள் மருந்து எழுதிக் கொடுத்தாள். பெயிண்ட் அடித்தால் பூஞ்சை மறையுமே தவிரப் போகாது என்றாள். மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்து, சுவரை நன்றாகக் காயவிடச் சொன்னாள். ஓதமேறிய மெத்தையை எறிந்துவிட வேண்டும், ஈரத்துணி இனிமேல் வெளியில்தான் காய வேண்டும்.

மறுநாள் ஜன்னலைத் திறந்தார். துருப்பிடித்த கொக்கியோடு கால்மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பெயிண்டை நனைத்துச் சுரண்டினார், தேய்த்தார். மெத்தையைப் புரட்டினால் காமேஸ்வரி படுத்திருந்த பக்கமெல்லாம் கறுப்புப் புள்ளி. அதை வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதார்.

மூன்று வாரத்தில் இருமல் அடங்கியது. மாசக் கடைசி வந்தது, போனது. கிரிதர் ஓய்வைப் பற்றி மூச்சு விடவில்லை.

வேட்டி இப்போது மொட்டைமாடியில் காய்ந்தது. ஒருநாள் அவர் மலையில் இருக்கும்போது மழை கொட்டியது. இறங்கி வந்து பார்த்தால் கொடியில் வேட்டியைக் காணோம். பக்கத்து வீட்டு வரலட்சுமி அதை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"மழை வந்துகினு இருந்துச்சுங்க சாமி, ஓடிப்போய் எடுத்துட்டேன். தொட்டுட்டேன், கோச்சிக்காதீங்க. ரெண்டு வருசமா ஜன்னல் சாத்தியே கெடந்துச்சா, உள்ள இருக்கீங்களா இல்லியான்னே தெரியாது."

மடி போனதுதான். மறுபடி துவைக்க வேண்டும். அவருக்குக் கோபமே வரவில்லை.

"பரவாயில்லேம்மா," என்று வாங்கிக்கொண்டார். வேட்டியில் அவள் கைச்சூடு இன்னும் இருந்தது. உள்ளே போய் வெகுநேரம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகுதான் எழுந்து நனைத்தார்.